பில் போய்ச் சேர்ந்த இடம்

நேவா தெர்பினிடம் ஒரு கேள்வி கேட்டால் ஐந்து நாட்டுப் பதில் வரும். கொரீட்சியாவில் கடை வைத்திருக்கும் யாரும் இது தெரியாமல் அவள் அலுவலகப் படியில் கால் வைத்ததில்லை. அலுவலகம் என்றால் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். முடிதிருத்தும் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு காபி இயந்திரம், கதவில் ஒரு பெயர்ப்பலகை. ஜன்னலைத் திறந்தால் ஸ்லோவேனியாவில் வதங்கும் வெங்காயத்தின் வாசனை இத்தாலிக்குள் வரும். காலையில் இந்த நாட்டில் ரொட்டி வாங்கி, அந்த நாட்டில் பெட்ரோல் போட்டு, மறுபடி இங்கே வந்து வேலை பார்க்கிற ஊர் அது. எல்லையை அங்கே மதிப்பது பில் மட்டும்தான்.

எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவது நேவாவின் தொழில். ஒயின் தயாரிக்கிறவர்கள், தச்சர்கள், தையல் இயந்திரம் பழுது பார்க்கிற ஸோரான் என்று அவளுக்கு நிறையப் பேர். ஒவ்வொருவனுக்கும் அவள் பாடம் நடத்தியாக வேண்டும், திட்டியபடிதான் நடத்துவாள்.

"இத்தாலிக்காரனுக்கு வித்தா பில்லு வரி இலாகாவோட கம்ப்யூட்டர்ச் சாவடி வழியா போகணும். சாவடியில நுழையாத பில்லு பில்லே இல்ல, வெறும் காகிதம். ஸ்லோவேனியாக்காரனுக்கு வித்தா அவன் ஈமெயிலுக்கு ஒண்ணு அனுப்பினா போதும். அவங்களும் சட்டம் வருது வருதுன்னு தேதியைத் தள்ளிக்கிட்டே இருக்காங்க. ஹங்கேரிக்காரன் பில்லை எப்படி வேணா குடுக்கலாம்பான், ஆனா குடுத்த நிமிஷமே தொகை விவரம் சர்க்காருக்குப் போயிருக்கணும். குரோவேஷியாவுல இந்தப் புத்தாண்டுலேருந்து எல்லாம் மின்னணுதான். ஆஸ்திரியாவுல சர்க்காருக்கு விக்கிறவன் மட்டும் கவலைப்பட்டா போதும். புரிஞ்சுதா?"

"புரியல," என்பான் ஸோரான். "அதுக்குத்தானே நீ இருக்கே."

இந்தப் பெருமை நேவாவுக்கு இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், புருஷன் விட்டுப்போன வீட்டில், கொல்லையில் ரோஜாப்பூப் போல விரிகிற சிவப்புக் கீரையை வளர்த்துக்கொண்டு தனியாக இருப்பவளுக்கு வேறென்ன பெருமை இருக்க முடியும்? அவள் அனுப்பிய பில்லைச் சாவடி திருப்பியடித்ததே இல்லை. இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. பில்லில் வேலை விவரம் எழுதுகிற கட்டத்தில் மற்றவர்கள் "பழுது பார்த்த வகையில்" என்று எழுதி நிறுத்துவார்கள். நேவா நிறுத்தமாட்டாள். வேலை எங்கே நடந்தது, எந்தத் தெரு, எந்த மாடி, யார் வாங்கிக்கொண்டார்கள், எல்லாம் எழுதுவாள். எல்லையோர ஊரில் வேலை எந்தப் பக்கம் நடந்தது என்பதை வைத்துத்தான் எந்த நாட்டுக்கு வரி என்று தீர்மானிப்பார்கள். முன்பு ஒரு அதிகாரி இதைக் கேட்டு அவளைப் படாத பாடு படுத்தியிருந்தான். அன்றிலிருந்து ஒன்றையும் விடாமல் எழுதினாள்.

"நீ பில்லா எழுதுறே, கதையா எழுதுறே?" என்று ஸோரான் கேலி செய்வான்.

"உன்னை ஜெயிலுக்கு அனுப்பாத கதை," என்பாள்.

பிப்ரவரி கடைசியில், போரா காற்று ஊரைப் புரட்டிப் போட்ட வாரத்தில், ஸோரான் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். நாற்பது வயது இருக்கும். உயரமான உருவம். உள்ளே வந்ததும் கதவைப் பார்த்த மாதிரி போட்டிருந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாள்.

"இவங்க ஓர்னெல்லா," என்றான் ஸோரான். "சோபா, நாற்காலிக்கெல்லாம் உறை தைக்கிறாங்க. மெஷின் மோட்டார் புகைஞ்சு போச்சு, நான் சரி பண்ணிக் குடுத்தேன். பில் வேண்டாம்ங்கறாங்க. உன்கிட்ட கேக்காம எப்படின்னு கூட்டிட்டு வந்தேன்."

"பில் இல்லாம வேலையா? என் கையால அது நடக்காது," என்றாள் நேவா. இதைச் சொல்லும்போது அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

ஓர்னெல்லா மெதுவாகப் பேசினாள். "ஸிஞோரா, நான் வீட்டை விட்டு வந்தவ. என் புருஷன் மன்ஸானோவுல நாற்காலி ஃபாக்டரி வெச்சிருக்கான். நான் எங்கே இருக்கேன்னு அவனுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. காசு தந்துடறேன். காகிதம் மட்டும் வேண்டாம்."

சொல்லிவிட்டு வலது கையை மேஜைமேல் வைத்தாள். நடுவிரலும் மோதிர விரலும் வேறு யாருடையதோ போல ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தன. மேஜை டிராயருக்குள் அந்தக் கையை வைத்து அவன் காலால் உதைத்து மூடினானாம். போலீசில் எழுதிக்கொடுத்தாயிற்று, வழக்கு நடக்கிறது, எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் சொல்கானில் ஒரு அறை எடுத்து, அந்த இரண்டு விரலோடு தைத்துத்தான் பிழைக்கிறாள். அடுத்த தடவை விரலோடு விடமாட்டேன் என்று அவன் சொல்லியிருக்கிறான்.

நேவாவுக்கு மனசு கரையாமல் இல்லை. ஆனால் பில் போடாமல் விடுவது அவள் உடம்பிலேயே இல்லையே, என்ன செய்வாள். "இங்க பாருங்க. உங்களுக்கு இத்தாலி வரி எண் இருக்கு. ஸோரானுக்கும் இருக்கு. பில்லு போகாட்டி நாளைக்கு ரெண்டு பேருக்கும் வம்பு. ஆனா அது உங்க வீட்டுக்குப் போகாது, எந்த ஈமெயிலுக்கும் போகாது. முகவரி எண் கேக்கிற இடத்துல ஏழு சைபர் போட்டுடுவேன். ஏழு சைபர் போட்டா, அது வரி இலாகாவுல உங்க பேருல இருக்கிற பெட்டியில போய்க் கிடக்கும். நீங்க திறந்தாத்தான் உண்டு. காகிதம் ஒண்ணு உங்க கையில குடுத்துடறேன். என்னை நம்புங்க."

"நிச்சயமா?"

"முப்பது வருஷமா இதைத்தான் பண்றேன்."

ஓர்னெல்லா நம்பினாள். நம்பாமல் என்ன செய்ய, வாயால் கேட்டுப் பார்த்தாயிற்று. எழுந்து போகும்போது படியின் திருப்பத்தில் நின்று தெருவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

நேவா அன்றைக்கே பில்லை எழுதினாள். ஏழு சைபர் போட்டாள். விவரக் கட்டத்துக்கு வந்தபோது கை அதுபாட்டுக்குப் போயிற்று. மோட்டார் மாற்றியது, பெல்ட் மாற்றியது, சொல்கானில் இன்ன தெருவில் ரொட்டிக் கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் கொண்டுபோய் ஒப்படைத்தது. பெட்டிக்குள்தானே கிடக்கப்போகிறது, அவளைத் தவிர யார் பார்க்கப்போகிறார்கள் என்றுகூட அவள் யோசிக்கவில்லை. யோசிக்காமலே எழுதினாள். அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய், பீன்ஸும் புளித்த முட்டைக்கோசும் போட்ட யோட்டா சூப்பைச் சூடுபண்ணிச் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சாவடியிலிருந்து ரசீது வந்திருந்தது. ஏழு சைபர் போட்ட பில்லுக்கு எப்போதும் ஒரே பதில்தான் வரும். ஒப்படைக்க முடியவில்லை, பெட்டியில் வைத்திருக்கிறோம் என்று வரும். அவள் அதை வாசிக்காமலே மூடிவிடுவது வழக்கம். அன்றைக்கு மூடப்போன கை நின்றது. பச்சை நிறத்தில் 'ஒப்படைக்கப்பட்டது' என்று இருந்தது.

ஒப்படைக்கப்பட்டதா? யாரிடம்?

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். முகவரியே கொடுக்காத பில் எப்படி ஒருவனிடம் போய்ச் சேரும் என்று அவள் நெடுநேரம் திகைக்க வேண்டியிருக்கவில்லை. விதி அவளுக்குத் தெரியும். தெரிந்த விதிதான், தேவைப்பட்ட நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. ஒரு வரி எண்ணுக்கு யாராவது எப்போதாவது சாவடியில் ஒரு முகவரியைப் பதிந்து வைத்திருந்தால், அனுப்புகிறவர் பில்லில் என்ன எழுதினாலும் சாவடி அதை மதிக்காது. பதிந்த முகவரிக்குத்தான் கொண்டுபோய்ப் போடும். சைபர் போட்டாலும் அப்படித்தான். ஓர்னெல்லா புருஷனோடு இருந்த காலத்தில் அவளுடைய கணக்கைப் பார்த்தது யார்? அவனுடைய ஃபாக்டரிக் கணக்கப்பிள்ளை. எந்த முகவரியைப் பதிந்திருப்பான்? ஃபாக்டரியின் ஈமெயில் முகவரியைத்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கமாக இருந்தால் பில் என்பது விற்றவனுக்கும் வாங்கினவளுக்கும் நடுவில் கைமாறுகிற ஒரு தாள். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்திருக்கும். வாரத்தில் பாதி நாள் அந்த நாட்டுக் கணக்கை எழுதி எழுதி, பில்லை யாருக்குக் கொடுக்கிறோம் என்பது தன் கையில் இருக்கிறது என்கிற நினைப்பு நேவாவுக்கு ஊறிப்போயிருந்தது. அந்த நினைப்பில்தான் கோட்டை விட்டாள்.

திரும்ப வாங்க முடியாது. போன பில் போனதுதான். ரத்து செய்ய வேண்டுமானால் ரத்துச் சீட்டு ஒன்று அனுப்ப வேண்டும், அதுவும் அதே எண்ணுக்கு, அதே இடத்துக்குத்தான் போகும். மறந்திருந்தால்கூட, எடுத்துப் பாரடா என்று அவனுக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி.

நேவா கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி வண்டியை எடுத்தாள். காற்று குப்பைத் தொட்டிகளை நடுரோட்டில் உருட்டிக்கொண்டிருந்தது. வழியெல்லாம், மன்ஸானோ நம்பர் போட்ட ஏதாவது ஒரு கார் தனக்கு முன்னால் போகிறதா என்று பைத்தியம்போலப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். கார் நம்பரில் ஊர்ப்பெயர் இருக்காது என்பதுகூட அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

ரொட்டிக் கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் ஓர்னெல்லா தைத்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தவள் நேவாவின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய் மெஷினின் வயரைப் பிடுங்கினாள்.

"பில்லு அவன்கிட்ட போயிடுச்சு," என்றாள் நேவா மூச்சிரைக்க. "உங்க எண்ணுக்கு எப்பவோ ஒரு முகவரி..."

"இந்த அறையை அதுல எழுதினீங்களா?"

நேவா தலையாட்டினாள்.

"எதுக்கு எழுதினீங்க?"

"எழுதுறது வழக்கம்."

ஓர்னெல்லா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று நேவாவுக்கு இருந்தது. துணிகளைப் பையில் திணித்துக்கொண்டே ஓர்னெல்லா சொன்னாள்: "முதல்ல என் தங்கச்சி, பாவம்னு நெனச்சு அவன்கிட்ட நான் சௌக்கியமா இருக்கேன்னு சொன்னா. அப்புறம் ஒரு டாக்டர். இப்ப நீங்க. எல்லாரும் நல்லவங்கதான் ஸிஞோரா."

"என் வீட்டுக்கு வாங்க. கொஞ்ச நாள் இருங்க. அந்த எண் விஷயத்தை நான் விளக்கமா..."

"விளக்க வேண்டாம்."

"அப்ப எங்கே போறீங்கன்னாவது சொல்லுங்க. நான் கொண்டுபோய் விடறேன்."

"உங்ககிட்ட சொன்னா எழுதி வெச்சுடுவீங்க," என்றாள் ஓர்னெல்லா.

அதில் கோபம்கூட இல்லை. ரொட்டிக் கடைக்காரரின் வேனில் மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். நேவா நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கவில்லையே என்கிற உறுத்தலைவிட, எழுதி வைத்துவிடுவாய் என்ற பேச்சுதான் அப்போது அவளைக் குத்தியது. நம்மைப் போன்ற மனுஷர்களுக்கு நம்முடைய மானம்தானே முதலில் வலிக்கிறது.

அடுத்த நாள் மதியம் அவன் வந்தான். இவானோ என்று பெயர் சொல்லிக் கை கொடுத்தான். நரைத்த தலை, நல்ல கம்பளிக் கோட்டு, காலைக் கால்மிதியில் துடைத்துவிட்டு உள்ளே வந்தான். கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

"என் மனைவிக்கு நீங்க ஒரு பில் அனுப்பியிருக்கீங்க ஸிஞோரா. அனுப்பினவங்க பேரும் ஃபோன் நம்பரும் பில்லுக்குள்ளேயே இருந்தது. ரொம்ப ஒழுங்கா எழுதியிருக்கீங்க. எங்க கணக்கப்பிள்ளைகூட பாராட்டினான்."

"என்ன வேணும் உங்களுக்கு?"

"அந்த விலாசத்துக்குப் போயிருந்தேன். அறை காலி. விலாசம் மாறியிருக்கு போல. திருத்தின பில் ஒண்ணு அனுப்பிடுங்களேன்."

"அவங்க எங்கே இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது," என்றாள் நேவா. உண்மையிலேயே தெரியாது என்பதை நினைத்தபோது, இந்த இரண்டு நாளில் முதன்முறையாக அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது.

அவன் மறுக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டான். "நம்பறேன். உங்களுக்குத் தெரியாது. எனக்கும் அவசரமில்ல. அவ தைச்சுத்தானே சாப்பிடணும்? ஊசி வாங்கணும், நூல் வாங்கணும், ஸ்பாஞ்ச் வாங்கணும். அதையெல்லாம் விக்கிற மொத்தக் கடையில வரி எண் இல்லாதவங்களுக்குக் குடுக்கமாட்டாங்க. எண்ணைக் குடுத்தா..." கையை விரித்துக் காட்டினான். "எனக்கு வந்துடும். இந்த நாட்டுல இது ஒண்ணு நல்லா நடக்குது."

முந்தின நாள் ஓர்னெல்லாவின் அறையில் நேவா பேசப்போய்ப் பாதியில் நின்றது இதைத்தான். அந்த எண்ணை இத்தாலியில் எங்கும் கொடுக்காதே, கொடுத்தால் முகவரி எழுதினாலும் எழுதாவிட்டாலும் அவனிடம்தான் போகும் என்று சொல்ல வந்தாள். ஓர்னெல்லா விளக்க வேண்டாம் என்றாள், இவளும் வாயை மூடிக்கொண்டாள். சொல்லியிருக்க வேண்டும். வேன் முன்னால் குறுக்கே படுத்தாவது சொல்லியிருக்க வேண்டும்.

அப்போது அவன் கையிலிருந்த ஃபோன் மெல்ல ஒலித்தது. எடுத்துப் பார்த்தான். அவசரமில்லாமல் முழுதும் படித்தான். பிறகு எழுந்து, நாற்காலியை முன்பு இருந்த இடத்திலேயே தள்ளி வைத்தான்.

"மன்னிக்கணும் ஸிஞோரா, உங்களைத் தொந்தரவு பண்ணிட்டேன். திருத்தின பில் இனிமே தேவையில்லை."

அவன் இறங்கிப் போகும் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு போலீசுக்கு ஃபோன் அடித்தாள். எடுத்தவன் அந்தப் பெண் இப்போது இருக்கும் விலாசத்தைக் கேட்டான். தெரியாது என்றாள். விலாசம் தெரியாமல் வண்டியை எங்கே அனுப்புவது என்று கேட்டான். அவன் கேட்டதிலும் தப்பில்லை. இவானோவின் பெயரையும் ஊரையும் கொடுத்துவிட்டு, சோபா சாமான் விற்கும் மொத்தக் கடைகளுக்கு ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தாள். உதினேயில் அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். கொர்மோன்ஸில் எடுக்கவே இல்லை. செர்விஞானோவில் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள், பாட்டு முடிகிற வழியாக இல்லை. வைத்துவிட்டு மொன்ஃபல்கோனேவில் ஒரு கடைக்கு அடித்தாள். எடுத்த பெண்ணின் குரல் இளசாகவும் கலகலப்பாகவும் இருந்தது.

"ஓர்னெல்லாதானே? ஆமா, காலையில வந்தாங்க. நூல், ஸ்பாஞ்ச் எல்லாம் வாங்கினாங்க. எங்களுக்கே உறை தைக்க ஆள் வேணும்னு பேசி, மாடி அறையைக்கூட குடுத்துட்டோம். மதியம்தான் பில்லு அனுப்பினேன்."

"பில்லுல என்ன எழுதினீங்க?"

"ஒண்ணும் எழுதல ஸிஞோரா, எண் மட்டும்தான். விலாசத்தை எங்கேயும் எழுதிடாதீங்கன்னு அவங்க கையைப் பிடிச்சுக் கேட்டாங்க. எழுதலைன்னு நான் திரையிலேயே காட்டினேன். அப்புறம்தான் அவங்களுக்கு நிம்மதியாச்சு."

எழுதத் தேவையே இல்லையே. விற்ற கடையின் பெயரும் தெருவும் எந்தப் பில்லிலும் தலையிலேயே இருக்குமே. நேவா ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். போலீசிடம் பேசியது, மற்ற கடைகளுக்கு அடித்தது, பாட்டுக் கேட்டது எல்லாம் சேர்ந்து எவ்வளவு நேரம் ஓடிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. மொன்ஃபல்கோனே ஒன்றும் தூரமில்லை.

"நல்லாக் கேளும்மா," என்றாள். குரலை உயர்த்தாமல் இருக்கப் பார்த்தாள். "கடைக் கதவை உள்ளே பூட்டு. அந்த அம்மாவைக் கீழே வரச் சொல்லாதே. ஒரு ஆள் வருவான், நரைச்ச தலை, கம்பளிக் கோட்டு..."

"அவங்க வீட்டுக்காரர்தானே?" என்றாள் அந்தப் பெண். "வந்துட்டாரே. ரொம்ப மரியாதையான மனுஷன். இப்பத்தான் மாடிக்கு வழி காட்டி விட்டேன்."